துடைப்பம் தொங்க வேண்டிய இடம்

ஒரு வீட்டுத் துடைப்பம் நாளொன்றுக்கு அரை மணி நேரம் உழைத்தால் அதிகம். மீதி 23½ மணி நேரமும் அது ஏதோ ஒரு மூலையில் கிடக்கிறது. பெருக்கிப் பெருக்கித் தேய்வதால்தான் துடைப்பம் வீணாகிறது என்று நினைக்கிறோம். தூக்கிப் போடப்பட்டவற்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் பலவற்றில் நுனி அவ்வளவாகத் தேய்ந்திருக்காது. ஒரு பக்கமாக மடங்கி, கட்டு நெகிழ்ந்து, அடியில் பூசணம் பிடித்திருக்கும். இவை வேலையால் வந்த சேதமல்ல, ஓய்வில் வந்த சேதம். எந்தத் துடைப்பம் நல்லது, எந்த மாப் நல்லது என்று கடையில் விசாரிக்கிற நாம், அதை வீட்டில் எங்கே வைப்பது என்பதையும் அதே அக்கறையோடு யோசிக்க வேண்டும். தரையைத் தொடாமல் சுவரில் தொங்கவிட வேண்டும் என்பதே என் கட்சி. அதற்குக் காரணம் அழகல்ல, பொருளின் இயல்பு.

நாம் பூந்துடைப்பம் என்று வாங்குவது ஒரு புல்லின் பூங்கொத்து. மேகாலயா, அசாம், நேபாளம், பூட்டான் மலைச்சரிவுகளில் வளரும் தைசனோலேனா என்ற உயரமான புல் குளிர்காலத்தில் பூத்து நிற்கும்போது அறுத்து, உலர்த்தி, கட்டி நம்மிடம் அனுப்புகிறார்கள். தூசியை வாருவது அதன் காம்பல்ல; பூங்கொத்தின் மெல்லிய கிளைநுனிகள். துடைப்பத்தை நிறுத்தி வைக்கும்போது முழு எடையும் அந்த நுனிகள் மேல்தான் இறங்குகிறது. தாவர நாரில் செல்லுலோஸ் இழைகளை லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் என்னும் பொருள்கள் பிணைத்து வைத்திருக்கின்றன. ஈரம் ஏறினால் அந்தப் பிணைப்பு இளகும். வளைந்த நிலையிலேயே உலர்ந்தால் வளைவு நிலைத்துவிடும். கூடை முடைபவர்கள் மூங்கில் பிளாச்சை நனைத்து வளைப்பது இந்தக் குணத்தை நம்பித்தான். அவர்கள் தெரிந்து செய்வதைத் துடைப்பத்துக்கு நாம் தெரியாமல் செய்கிறோம். தென்னை ஈர்க்கு இதைவிட முரடு என்றாலும், வாசல் தெளித்துக் கூட்டிய ஈரத்தோடு மூலையில் சாத்தப்படும் விளக்குமாற்றுக்கும் இதே கதிதான். பிளாஸ்டிக் இழைகளும் தப்புவதில்லை. தொடர்ந்து சுமை தாங்கும் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல உருமாறும். சுமையை எடுத்த பிறகும் முழுக்கப் பழைய நிலைக்கு வராது. வளைந்தால் நிமிரும் குணம் நைலானுக்கு நன்றாக உண்டு. 1938இலிருந்து பல் துலக்கும் பிரஷ்ஷில் அது இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மலிவான துடைப்பங்களில் இருக்கும் பாலிபுரோபிலீனுக்கு அந்தக் குணம் குறைவு. தண்ணீர் தள்ளும் வைப்பரின் ரப்பர் நாக்கும் அப்படித்தான். நாக்கு தரையில் அழுந்த நிறுத்தி வைத்தால் அது கோணிக்கொள்ளும், பிறகு கோடு கோடாகத் தண்ணீரை விட்டுவிட்டுப் போகும்.

ஈரத்தின் கதை மாப்பில் இன்னும் மோசம். பருத்தித் திரிகள் நீரைப் பிடித்து வைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. வேலை முடிந்ததும் வாளிக்குள்ளேயே விட்டால், அழுக்கும் ஈரமும் சேர்ந்த அந்தத் திரியில் பாக்டீரியாக்கள் இரவெல்லாம் பெருகும். மறுநாள் நாம் தரையைத் துடைப்பதில்லை, நேற்றைய அழுக்கைப் பரப்புகிறோம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2003இல் மருத்துவமனைகளுக்கு வெளியிட்ட வழிகாட்டுதல் மாப் தலைகளைத் தினமும் துவைத்து உலர்த்தச் சொல்கிறது. உலர்த்துவதையும் சேர்த்துச் சொல்வதைக் கவனிக்க வேண்டும். தொங்கும் மாப்பைச் சுற்றிலும் காற்று ஓடும். நீர் நுனிக்கு இறங்கிச் சொட்டிவிடும். தலைகீழாகத் திருப்பி, நுனி மேலே பார்க்க நிறுத்தினால் போதாதா என்று கேட்கலாம். மடங்குவது நிற்கும், உண்மைதான். ஆனால் நீர் கட்டுக்குள்ளும் கைப்பிடிக்குள்ளும் இறங்கித் தங்கும். துடைப்பம் அழுகத் தொடங்குவது பெரும்பாலும் கட்டிலிருந்துதான். தூசியும் பிடிக்கிற கையை நோக்கி உதிரும். ஆகவே நுனி கீழே பார்க்க, தரைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்குவதே சரி.

சுத்தம் செய்யும் கருவிக்குச் சுவரில் இடம் கொடுப்பதை ஒரு வாழ்க்கைமுறையாகவே ஆக்கியவர்கள் ஷேக்கர்கள் என்னும் கிறித்தவப் பிரிவினர். ஆன் லீ என்ற பெண்ணின் தலைமையில் 1774இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போய்க் குடியேறியவர்கள். தூய்மையை வழிபாட்டின் ஒரு பகுதியாகவே கருதினார்கள். அவர்கள் கட்டிய வீடுகளில் அறையைச் சுற்றி, தலை உயரத்தில், ஒரு மரச் சட்டம் ஓடும். அதில் வரிசையாகக் காளான் வடிவ மரமுளைகள். தொப்பி, மேலங்கி, துடைப்பம் எல்லாம் அதில் தொங்கும். பெருக்கும் நேரத்தில் நாற்காலிகளைக்கூடத் தூக்கி அதில் மாட்டிவிடுவார்கள். தரை முழுவதும் துடைப்பத்துக்கு விடப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்விலியட் ஊரைச் சேர்ந்த தியோடர் பேட்ஸ் என்ற ஷேக்கர்தான், உருண்டைக் கட்டாக இருந்த துடைப்பத்தை 1798இல் தட்டையாக அழுத்தித் தைத்தார் என்று சொல்லப்படுகிறது. கருவியைத் திருத்திய சமூகமே அதற்குச் சுவரில் இடமும் ஒதுக்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

முளையில் மாட்டக் கைப்பிடியில் கயிறு வேண்டும், அல்லது ஓட்டை வேண்டும். இன்று கடைகளில் கிடைக்கும் பிடிப்பான் இரண்டும் இல்லாமலே கம்பைப் பற்றிக்கொள்கிறது. அதில் விசை கொடுக்கும் மோட்டார் இல்லை, இறுக்கும் திருகு இல்லை. சின்ன ஸ்பிரிங் உண்டு. ஆனால் அது ரப்பரைக் கம்போடு ஒட்டி நிற்கச் செய்யும் அளவுக்குத்தான், எடையைத் தாங்குவது அது அல்ல. உள்ளே இருப்பவை இரண்டு ரப்பர் உருளைகள், அல்லது மையம் விலகிய அச்சில் சுழலும் இரண்டு ரப்பர் துண்டுகள். கம்பை இரண்டுக்கும் நடுவே மேல்நோக்கித் தள்ளினால் அவை விலகி வழி விடும். கையை விட்டதும் கம்பு தன் எடையால் கீழே நழுவப் பார்க்கும். உராய்வால் ரப்பரையும் கூடவே கீழே இழுக்கும். கீழே போகப் போக நடு இடைவெளி குறுகும்படி அமைத்திருப்பதால், விழ முயலும் முயற்சியே கம்பை நெரித்துப் பிடிக்கிறது. இதில் என்னை மிகவும் கவர்வது அதன் கணக்கு. ரப்பர் துண்டு சுழலும் அச்சையும் அது கம்பைத் தொடும் புள்ளியையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அந்தக் கோடு கிடைமட்டத்திலிருந்து 15 பாகை சாய்ந்திருந்தால், இருபுறமும் கம்பின் மீது விழும் அழுத்தம் கம்பின் எடையைப் போல் ஏறக்குறைய 1.9 மடங்கு. அரைக் கிலோ துடைப்பத்தை ஒவ்வொரு பக்கமும் சுமார் ஒரு கிலோ எடைக்குச் சமமான விசை அழுத்துகிறது. ஈர மாப்பின் எடை இரண்டு கிலோ என்றால் அழுத்தமும் நான்கு மடங்காகும். கனத்துக்கு ஏற்பப் பிடியைத் தானே கூட்டிக்கொள்ளும் சாதனம் இது. மலையேறுபவர்கள் பாறை இடுக்கில் செருகி, உயிரை நம்பிக் கயிறு கட்டும் கேம் கருவியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. அந்தச் சாய்வுக் கோணத்தின் டேஞ்சன்ட் மதிப்பு, ரப்பருக்கும் கம்புக்கும் இடையிலான உராய்வுக் கெழுவைத் தாண்டாதவரை பிடி நழுவாது.

தத்துவம் தெரிந்தால் தவறான பயன்பாடும் புரியும். கம்பை எடுக்கும்போது முதலில் சற்று மேலே தூக்கி, பிறகு முன்னால் இழுக்க வேண்டும். நேராக வெடுக்கென்று இழுத்தால் ரப்பர் விடாது. சுவரிலிருந்து திருகாணிதான் பெயர்ந்து வரும். எண்ணெய்க் கையும் சோப்பு நுரையும் பட்ட வழுவழுப்பான ஸ்டீல் கம்பு நழுவினால் அது பிடிப்பானின் குற்றமல்ல. உராய்வு போய்விட்டது, அவ்வளவுதான். கம்பைத் துடைத்துவிட்டு மாட்ட வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் பிடிப்பான் நீண்ட, உருண்டையான, ஒரே பருமனுள்ள கம்புகளுக்காகச் செய்யப்பட்டது. நம் பூந்துடைப்பத்தின் பிடி பருத்து, ஒரு முனையில் கூம்பி இருக்கும். விளக்குமாற்றுக்குப் பிடியே கிடையாது, கட்டுதான் பிடி. இவற்றை அதில் திணிப்பது வீண். கட்டின் மேல்முனையில் நைலான் கயிற்றால் ஒரு வளையம் போட்டு, சாதாரணக் கொக்கியில் மாட்டுவதே பொருத்தம். ஒட்டடைக் கம்பை நிமிர்த்தித் தொங்கவிடக் கூரை உயரம் போதாது. இரண்டு கொக்கிகளின் மேல் படுக்கையாகக் கிடத்தலாம். கழிவறை பிரஷ்ஷுக்கு வேறு சுவர்தான். பிரிட்டனில் 2007இல் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை மருத்துவமனைத் துப்புரவுக் கருவிகளுக்கு நிறம் பிரித்தது: கழிவறைக்குச் சிவப்பு, பொது இடங்களுக்கு நீலம், சமையல் பகுதிக்குப் பச்சை, தனிமை வார்டுக்கு மஞ்சள். வீட்டில் நான்கு நிறம் வேண்டாம்; கழிவறைக்கானது மட்டும் கலக்காமல் இருந்தால் போதும்.

துடைப்பத்தைக் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது, அது லட்சுமி, நிறுத்தி வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று மறுப்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையை நான் அலட்சியப்படுத்தவில்லை. நிறுத்தி வைக்காதே என்ற கட்டளை நுனியைக் காக்கிறது. காலில் படக் கூடாது என்பதும் நல்லதே. தரையில் கிடப்பதைவிடச் சுவரில் தொங்குவதே அதற்கு உத்தரவாதம். படுக்க வைத்தால் நுனி மடங்காதுதான், ஆனால் தரையீரம் ஏறும், இரு பக்கமும் உடல் உரசும் இடுக்கைத் தேடும் கரப்பானுக்கு அது வீடாகும். வருகிறவர் கண்ணில் படக் கூடாதென்றால் பின்கட்டுக் கதவின் உட்புறத்தில் மாட்டலாம். கரண்டிகளுக்கு வரிசையாகக் கொக்கி வைத்துத் தொங்கவிடும் சமையலறையில், துடைப்பத்துக்கு மட்டும் கதவிடுக்கு என்பதற்கு நம்பிக்கை மட்டும் காரணமில்லை. அதைத் தொடுகிறவரின் வேலையை நாம் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்பதும் காரணம்.

மலிவான பொருள்தானே, கெட்டால் வேறொன்று வாங்கலாம் என்பது அடுத்த வாதம். வாங்குகிறவர் கணக்கில் அது சரி. மடங்கிய துடைப்பம் ஒரே இழுப்பில் வாராது. அதே இடத்தை இரண்டு முறை, மூன்று முறை இழுக்க வேண்டும். அந்தக் கூடுதல் உழைப்பைத் தருவது பெருக்குகிறவரின் இடுப்பும் தோளும். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் புதுத் துடைப்பம் வாங்கலாமா என்று முடிவெடுப்பவர் ஒருவர், பழையதோடு மல்லுக்கட்டுபவர் இன்னொருவர். கெட்டால் மாற்றலாம் என்ற வசதி பெருக்குகிறவரிடம் இல்லை.

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்பது நியாயமான தடை. பசை நாடா ஒட்டும் பிடிப்பான்கள் வழவழப்பான டைல்ஸில் நன்றாக நிற்கும். சுண்ணாம்பும் டிஸ்டம்பரும் அடித்த சுவரில் பெயின்ட்டோடு உரிந்து வரும். எளிய வழி ஜன்னல் கம்பி. ஒரு ரீப்பர் கட்டையில் நான்கைந்து கொக்கிகளைத் திருகி, பின்பக்க ஜன்னல் கிரில்லில் கம்பியால் கட்டிவிட்டால் சுவரைத் தொட வேண்டியதே இல்லை. காற்றும் அங்கேதான் அதிகம், மழைச்சாரல் படாமல் பார்த்துக்கொண்டால் போதும். சொந்தமாகக் கட்டுகிறவர்கள் இன்னும் எளிதாகச் செய்யலாம். பூஜை மாடம், செருப்பு அலமாரி, வாஷிங் மெஷினுக்குக் குழாய் என எல்லாவற்றுக்கும் வரைபடத்தில் இடம் குறிக்கும் பொறியாளரிடம், துணி துவைக்கும் பகுதியை ஒட்டி இரண்டு அடி அகலத்தில், அரை அடி ஆழத்தில், தரையிலிருந்து ஆறடி வரை ஒரு மாடம் கேளுங்கள். காற்றுப் புக இடைவெளி விட்ட சட்டக் கதவு, அடியில் சொட்டு நீர் வடியச் சிறு சரிவு. கொக்கிகளின் உயரத்தை மட்டும் கொத்தனார் முடிவு செய்யக் கூடாது. அந்த வீட்டில் அன்றாடம் பெருக்கப் போகிறவரை நிற்கவைத்து, அவர் தோளை உயர்த்தாமல் கை எட்டும் இடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும்.