வேலியே பயிரை மேயும் விந்தை

உழைத்துப் பிழைப்பவனுக்குக் கையே மூலதனம். மாமல்லபுரத்தில் கல் கொத்தும் சிற்பிக்கும், அக்கடற்கரையில் வலை இழுக்கும் மீனவனுக்கும், செங்கற்பட்டு ஏரிகளின் கீழ் நாற்று நடும் குடியானவனுக்கும் அதைத் தவிர வேறு ஆஸ்தி ஏது? அந்தக் கையில் உணர்ச்சி அற்றுப் போய், விரல்கள் மடங்கி விறைத்துவிட்டால் அவன் கதி என்ன? தொழுநோய் என்னும் பெருவியாதி மனிதனுக்குச் செய்யும் கொடுமைகளில் தலையாயது இதுவே. ஆனால் இக்கொடுமையைச் செய்வது நோய்க் கிருமி மட்டுமன்று. நம்மைக் காக்க ஏற்பட்ட நமது சரீரத்தின் காவற்படைக்கும் இதில் பெரும் பங்கு உண்டு என்று இன்றைய விஞ்ஞானம் கூறுகிறது. இவ்வுண்மையைப் பொது ஜனங்கள், விசேஷமாகப் பொதுத் தொண்டில் ஈடுபட்டவர்கள், அறிந்துகொள்வது அவசியம்.

செங்கற்பட்டை அடுத்த திருமணியில் 1924-ம் வருஷத்தில் லேடி வில்லிங்டன் தொழுநோய் வைத்திய விடுதி ஸ்தாபிக்கப்பட்டது. 1955-ல் இந்திய சர்க்கார் அதை ஏற்று, மத்திய தொழுநோய்ப் போதனா ஆராய்ச்சி நிலையமாக ஆக்கினர். 1940-களில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் இங்கேதான் ஸல்போன் மருந்தைக் கொடுத்துப் பரீட்சித்தார். 1947-ல் வேலூரிலிருந்து அவரைக் காண வந்தார் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்த இவர் சஸ்திர வைத்தியர். வளைந்து போன விரல்களைக் கொண்ட ஒரு நோயாளியின் கையை அவர் பற்றியபோது, அக்கை அவருடைய கையை இரும்புப் பிடியாக நெருக்கிற்று. சதை அழுகி விடவில்லை, பலமும் குன்றிவிடவில்லை, சில நரம்புகள் மாத்திரமே செத்துப் போயிருந்தன என்பது அக்கணமே அவருக்கு விளங்கிற்று. செயலுள்ள தசைநாரை இடம் மாற்றித் தைத்து, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சை பின்னர் வேலூரில் வளர்ந்தது இதன் பயனே.

அந்த நரம்பைக் கொன்றது எது? தொழுநோய்க் கிருமியை நார்வே தேசத்து ஹான்ஸன் 1873-லேயே கண்டறிந்தார். நரம்பைப் போர்வை போல் சுற்றியுள்ள அணுக்களில் அது குடியேறுகிறது. ஆனால் அது மிகவும் மந்தமான கிருமி. ஒன்று இரண்டாகப் பெருகுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். வருஷக்கணக்கில் ஓசையின்றி ஒளிந்திருக்கும் இக்கிருமியால் இவ்வளவு நாசம் எவ்விதம் நேரிடுகிறது?

நமது சரீரத்தில் இருவகைக் காவல் உண்டு. பகைவனை ஒருமுறை கண்டு, பழகி, பிறகு எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் படை ஒன்று. பிறவியிலேயே அமைந்து, அன்னியன் என்று கண்டவுடன் பாயும் படை மற்றொன்று. இப்பிறவிக் காவலில் முக்கியமானவை, காம்ப்ளிமெண்ட் என்று வைத்தியர்கள் கூறும் நிரப்புப் புரதங்கள். முப்பதுக்கு மேற்பட்ட இவற்றில் பெரும்பாலானவை ஈரலில் உற்பத்தியாகி இரத்தத்தில் கலந்து திரிகின்றன. கிருமியைக் கண்டதும் ஒன்று மற்றொன்றை எழுப்பிவிட, முடிவில் அவை சேர்ந்து கிருமியின் மேலுறையில் துவாரமிட்டு அதைக் கொல்கின்றன.

தொழுநோயில் இந்த ஆயுதம் குறி தவறுகிறது. நோயாளிகளின் நரம்புகளில் இத்துவாரமிடும் புரதக் கூட்டம் படிந்திருப்பதை ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சியாளர்கள் கண்டு 2015-ல் வெளியிட்டனர். கிருமியின் மேலுறையிலுள்ள ஒரு கொழுப்புச் சர்க்கரைப் பொருளே அப்புரதங்களைக் கிளப்பி விடுகிறது. எலியின் நரம்பில் அக்கூட்டம் உருவாகாமல் தடுத்தபோது நரம்பு சேதத்திலிருந்து தப்பிற்று. 2017-ல் சிறு மீன்களில் நடந்த மற்றொரு ஆராய்ச்சியில், கிருமியை விழுங்கிய காவலணுக்கள் வெளியிடும் நைட்ரிக் ஆக்ஸைடே நரம்பின் உறையைச் சிதைக்கிறது என்று தெரிந்தது. வேலியே பயிரை மேய்வதென்றால் இதுவன்றோ!

இது தொழுநோயோடு நிற்கும் கதையுமன்று. குழந்தையின் மூளை வளரும்போது வேண்டாத நரம்பு இணைப்புக்களைக் குறித்துக் களைய உதவுவதும் இந்த நிரப்புப் புரதங்களே என்று 2007-ல் தெரிய வந்தது. மாமல்லபுரத்துச் சிற்பி வேண்டாத கல்லைச் செதுக்கி எறிவதால்தான் சிலை பிறக்கிறது. ஆனால் சிலை முடிந்த பிறகும் உளி நிற்காவிட்டால்? முதுமையில் நினைவை அழிக்கும் அல்ஸைமர் வியாதியில் அவ்விதமே நடப்பதாக, 2016-ல் எலிகளில் செய்த சோதனைகள் காட்டின. கை நரம்பிலும் மூளையிலும் காவலனே கட்டு மீறுகிறான் என்ற ஒரே பாடத்தை இரண்டும் போதிக்கின்றன.

இதனால் நாம் அறியவேண்டியது யாது? கிருமியைக் கொன்றுவிட்டால் மட்டும் போதாது. ரிபாம்பிஸின் முதலிய மருந்துகளின் கூட்டுச் சிகிச்சை 6 அல்லது 12 மாதங்களில் கிருமியை ஒழிக்கும். ஆரம்பித்த சில நாட்களிலேயே நோய் பிறருக்குத் தொற்றும் அபாயமும் அகன்றுவிடும். ஆயினும் செத்த கிருமியின் எச்சங்களைக் கண்டும் காவற்படை சீறும். சிகிச்சை நடக்கும்போதும், முடிந்த பிறகும் நரம்பு வீங்கி வலிக்கலாம். கற்றுத் தேர்ந்த படையும் அப்போது சேர்ந்துகொள்ளும். உடனே ஸ்டீராய்டு மருந்து கொடுத்து அச்சீற்றத்தை அடக்கினால் நரம்பு பிழைக்க வழியுண்டு. ஆறு மாதம் அசட்டையாக விட்டுவிட்டால் மீள்வது அரிது. ஆகவே கையைக் காப்பது மருந்து மட்டுமல்ல, காலமும்தான்.

இங்கேதான் நமது குறை இருக்கிறது. 2005-ம் வருஷ முடிவில், பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை இந்தியா எய்திற்று. அதைக் கேட்டு, நோயே ஒழிந்ததென்று பலர் எண்ணிவிட்டார்கள். ஆனால் உலகில் புதிதாகக் காணப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இன்னும் நம் நாட்டினரே. 1898-ம் வருஷத்துத் தொழுநோயாளர் சட்டம் ரத்தாவதற்கு 2016 வரையிலும், தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் விதி நீங்குவதற்கு 2019 வரையிலும் நாம் காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் அகன்றாலும் அச்சம் அகலவில்லை. அச்சமுள்ளவன் தேமலை மறைப்பான். மறைத்தவன் காலம் கடந்து வருவான். காலம் கடந்தவன் கையை இழப்பான்.

மகாத்மா காந்தி தமது நிர்மாணத் திட்டத்தில் தொழுநோயாளரின் சேவைக்கும் இடமளித்தார். அவர் மறைந்த ஜனவரி 30-ம் தேதியை நாம் தொழுநோய் எதிர்ப்பு தினமாக அனுஷ்டிக்கிறோம். அன்று மாலையிட்டுப் பேசிக் கலைவது போதுமா? உணர்ச்சியற்ற தேமல் உண்டா என்று அறிய ஒரு பேனா முனை போதும். முழங்கைக்குப் பின்னுள்ள நரம்பு தடித்திருக்கிறதா என்று பார்க்க, பழகிய விரல் போதும். ஊர்தோறும் ஊழியர்கள் இதைக் கற்று, சந்தேகமுள்ளவரை அருவருப்பின்றி வைத்தியரிடம் அழைத்துச் செல்லட்டும். காவலன் கட்டு மீறுமுன் நாம் விழித்துக்கொண்டால், எத்தனையோ சிற்பிகளின் கைகள் பிழைக்கும்.