உங்களுக்குத் தெரியுமா? ஆப்பிரிக்க எருமை வேட்டை

● யானை, சிங்கம், சிறுத்தை, காண்டாமிருகம், எருமை. சஃபாரி விளம்பரங்கள் இன்று கேமராக்காரர்களிடம் கூவி விற்கிற இந்தப் 'பெரிய ஐந்து' பட்டியலைப் போட்டவர்கள் வேட்டைக்காரர்கள். உருவத்தைப் பார்த்துப் போட்டிருந்தால் நீர்யானை உள்ளே வந்திருக்கும், சிறுத்தை வெளியே போயிருக்கும். நடந்துபோய் வேட்டையாட எது கடினம், எது திருப்பி அடிக்கும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

● நம்மூர் எருமையை மனதில் வைத்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். ஆப்பிரிக்க எருமை வேறு பேரினம். அதை யாரும் பழக்கி ஏர் பூட்டியதில்லை. வளர்ந்த கடா 700 கிலோவைத் தாண்டும்.

● பயணத் தேதியை முடிவு செய்வது புல். மழைக்காலத்தில் ஆளுயரம் வளர்ந்து நிற்கும் புல்லுக்குள் எருமை பத்தடியில் நின்றாலும் தெரியாது. ஜிம்பாப்வேயின் ஜாம்பெசிப் பள்ளத்தாக்கில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இலை உதிர்ந்து, குட்டைகள் வற்றி, மந்தைகள் மிச்சமிருக்கும் தண்ணீரைச் சுற்றியே திரியும். வெயில் கொளுத்தும், ஆனால் தடம் கிடைக்கும்.

● பல நாடுகளில் எருமைக்கு .375 காலிபர், அதாவது சுமார் 9.5 மில்லிமீட்டர் குண்டு, சட்டப்படி குறைந்தபட்ச அளவு. ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் நிறுவனம் 1912-இல் கொண்டுவந்த .375 தோட்டா இன்றும் எருமைக்காரர்களின் வழக்கமான தேர்வு. நூறு வருடம் கழித்தும் மாற்றத் தோன்றாத பொருட்கள் உலகில் குறைவு.

● விமானத்தில் துப்பாக்கி ஒரு பெட்டியில், தோட்டா பூட்டிய வேறொரு பெட்டியில். தோட்டாவுக்குப் பெரும்பாலான விமான நிறுவனங்களின் வரம்பு 5 கிலோ. தென்னாப்பிரிக்காவில் இறங்கினால் போலீஸின் 520-ஆம் எண் படிவத்தைக் கறுப்பு மையில் நிரப்ப வேண்டும். கையெழுத்தை வீட்டிலேயே போட்டுவிட்டு வரக் கூடாது. அதிகாரியின் கண்ணெதிரே போட வேண்டும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்று முகாமில் வாடகைத் துப்பாக்கி எடுப்பவர்களும் உண்டு.

● வேட்டை என்றதும் ராணுவப் பச்சைப் புள்ளிச் சட்டை வாங்குகிறீர்களா? ஜிம்பாப்வேயில் பொதுமக்கள் அதை அணிவது குற்றம். நீலமும் கறுப்பும்கூட ஆகாது. செட்சி ஈக்கு அந்த நிறங்கள் என்றால் உயிர். அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளையே நீல, கறுப்புத் துணியில்தான் தைக்கிறார்கள். தூக்க நோயைப் பரப்பும் ஈ அது. மங்கலான காக்கியோ ஆலிவ் பச்சையோ போதும்.

● குழுவில் மலிவான கருவி சாம்பல் பை. சின்னத் துணிப்பையிலோ பழைய காலுறையிலோ சலித்த சாம்பலை நிரப்பி, தடம் பார்ப்பவர் கையிலேயே வைத்திருப்பார். நாலு எட்டுக்கு ஒருமுறை விரலால் ஒரு தட்டு. மெல்லிய புகைக்கீற்று எழுந்து எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்ப்பார். முகத்தை நோக்கி வந்தால் நடை தொடரும். பிடரியில் காற்று பட்டதோ, கதை முடிந்தது. மனித வாடை எட்டியதும் மொத்த மந்தையும் தடதடவென்று ஓடிவிடும், மறுபடி மணிக்கணக்கில் நடக்க வேண்டும். நடுப்பகலில் காற்று திசை மாறி மாறிச் சுழலும்போது அனுபவசாலிகள் மரநிழலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பணம் கட்டி வந்தவருக்குத்தான் பொறுமை இருக்காது. உண்மையில் அந்த வரிசையில் முதலாளி அவரல்ல, சாம்பல் பைக்காரர்.

● சாணியின் சூட்டையும் ஈரத்தையும் வைத்தே மந்தை எவ்வளவு முன்னால் போனது என்று தடம் பார்ப்பவர் சொல்லிவிடுவார். எருமை முதுகில் உண்ணி பொறுக்கும் ஆக்ஸ்பெக்கர் பறவை ஒரு புதருக்குள் இறங்கினால், அங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அதே பறவை உங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டு எழும்பினால் எருமையும் உஷாராகிவிடும்.

● எல்லா எருமையும் இலக்கில்லை. மந்தையை விட்டு விலகி, இரண்டு மூன்றாகச் சேர்ந்து, உடம்பெல்லாம் சேறு காய்ந்து கிடக்கும் கிழட்டுக் கடாக்களைத்தான் தேடுவார்கள். கொம்பின் இரு அடிகளும் நெற்றியில் ஒன்றுசேர்ந்து தலைக்கவசம் போலக் கெட்டியாகி இருக்க வேண்டும். அந்த இடத்தில் மென்மையோ முடியோ தெரிந்தால் இளசு, விட்டுவிடுவார்கள்.

● சுடுவது பெரும்பாலும் நூறு மீட்டருக்குள், முக்காலிக் கம்பின் மேல் துப்பாக்கியைச் சாய்த்து. இதயம் மார்பின் கீழ்ப்பாகத்தில், முன்னங்காலை ஒட்டி இருக்கிறது. புதியவர்கள் உயரத்தில் சுட்டுக் கெடுப்பார்கள். காயம்பட்ட எருமை புதருக்குள் புகுந்து, வந்த தடத்தைப் பார்த்தபடி காத்திருக்கும் என்று பெயர் வாங்கியது. அதைத் தேடி உள்ளே போவது உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டைக்காரரின் பொறுப்பு. 1936-இல் வெளியான ஹெமிங்வேயின் மகோம்பர் கதை முடிவதும் இப்படியொரு புதரருகில்தான். எருமை கிடைக்காமலே போனாலும், ஒரு சொட்டு ரத்தம் சிந்தியிருந்தால் முழுக் கட்டணம் கட்டியாக வேண்டும்.

● இறைச்சி முகாமுக்கும் பக்கத்துக் கிராமங்களுக்கும். ஜிம்பாப்வே 1980-களின் இறுதியில் தொடங்கிய 'கேம்ப்ஃபயர்' திட்டத்தில் வேட்டைக் கட்டணத்திலும் ஊராருக்குப் பங்கு உண்டு. நல்ல ஏற்பாடுதான், பங்கு முழுசாகக் கைக்கு வருகிறதா என்ற சண்டையும் அதோடு சேர்ந்தே நடக்கிறது.

● கென்யாவுக்கு டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அங்கே 1977-லேயே வேட்டைக்குத் தடை. போட்ஸ்வானா 2014-இல் தடை விதித்து 2019-இல் நீக்கியது.

● 1880-களின் இறுதியில் எரித்ரியாவில் இறங்கிய மாடுகளோடு வந்த ரிண்டர்பெஸ்ட் என்ற மாட்டுக் கொள்ளைநோய், பத்தே ஆண்டுகளில் கண்டத்தின் தென்முனை வரை போய், எருமைகளில் மிகப் பெரும்பகுதியைக் கொன்றது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து போனவை என்று கருதப்படுகிறது. குடிக்க ரத்தமின்றிச் செட்சி ஈயும் பல பகுதிகளில் ஒழிந்தது. 2011-இல் அந்த நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

● கோமாரி நோய்க் கிருமி எருமை உடம்பில் நோய்க்குறியே இல்லாமல் தங்கியிருக்கும். அதனால் கொம்பைக் கையோடு கொண்டுவர முடியாது. மண்டையோட்டை வேகவைத்து, தோலை உப்பிட்டு, கால்நடை மருத்துவர் சான்றிதழ் வாங்கிச் சரக்குக் கப்பலிலோ விமானத்திலோ ஏற்ற மாதக்கணக்கில் ஆகும். சில பெட்டிகள் வீடு வந்து சேர்வதற்குள் அடுத்த வேட்டைப் பருவமே தொடங்கிவிடுகிறது.