நாய் வேண்டுமா? மனுப் போடுங்கள்!

வேலைக்கு மனுப் போடுவார்கள். ரேஷன் கார்டுக்கு மனுப் போடுவார்கள். பட்டா மாற்ற மனுப் போடுவார்கள்.

நாய்க்கு மனுப் போடுவார்களா?

போடுகிறார்கள்! போட்டவர்களில் சிலருக்கு, "உங்களுக்கு நாய் தருவதற்கு இல்லை" என்று பதிலும் வருகிறது.

பட்டுக்கோட்டைப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். "நாய்தானே? எந்தத் தெருவில் இல்லை?" என்பார்கள். ஜாதி நாய் வேண்டும் என்றால் ராஜபாளையத்துக்குப் போய், பணத்தைக் கொடுத்துக் குட்டியைத் தூக்கி வரலாம் என்பார்கள்.

ஆனால் ராஜபாளையம் நாயை விலை இல்லாமலும் வாங்கலாம். புதுக் குட்டி அல்ல. யாரோ வளர்த்து, யாரோ கைவிட்ட நாய்! அதைக் காப்பாற்றி வைத்திருக்கும் பிராணிகள் காப்பகத்தில் மனுப் போட்டு வாங்க வேண்டும். இதற்குத்தான் "தத்து எடுப்பது" என்று பெயர்.

வெள்ளை நாயின் சோகம்

ராஜபாளையம் நாயைத் தெரியாத தமிழர் உண்டா? பால் போன்ற வெள்ளை உடம்பு. ரோஜா நிற மூக்கு. நீண்ட கால்கள். நின்றால் தோள் வரை 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். பன்றி வேட்டைக்குப் பெயர் போனது. 2005-ம் ஆண்டு ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட தபால் தலையில் இதன் படம் இடம் பெற்றது. 2020-ம் ஆண்டு, ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தனி இனங்கள் என்று மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் பதிவு செய்தது.

இவ்வளவு பெருமை உள்ள நாயை ஏன் கைவிடுகிறார்கள்?

குட்டியாக இருக்கும்போது மடியில் படுக்கும். ஒரு வருடத்தில் கன்றுக்குட்டி போல் வளர்ந்து விடும். தினமும் ஓட வேண்டும். ஓட விடாமல் கட்டிப் போட்டால் குரைக்கும், குழி தோண்டும், கயிற்றைக் கடிக்கும். ஒருவரிடம் ஒட்டிக்கொண்டால், மற்றவரை லேசில் அண்ட விடாது. வளர்த்தவர் வெளிநாடு போனால், அல்லது இறந்து போனால், நாய் அனாதை ஆகிவிடுகிறது.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. வெள்ளை நிறமே சில குட்டிகளுக்குச் செவிட்டுத் தன்மையைக் கொண்டு வருகிறது!

தோலுக்கு நிறம் தரும் உயிர் அணுக்கள் காதின் உள்ளேயும் இருக்க வேண்டும். அங்கே அவை இல்லாவிட்டால், ஒலியை வாங்கும் பகுதி குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கெட்டு விடும். கறுப்புப் புள்ளி போட்ட டால்மேஷன் நாய்க்கும் இதே குறை உண்டு. சில நாய்களுக்கு ஒரு காது மட்டும் கேட்காது. அதை வீட்டில் கண்டுபிடிப்பது கஷ்டம்.

"கூப்பிட்டால் வரவில்லை, இது முட்டாள் நாய்" என்று அடித்து விரட்டுகிறார்கள். பாவம், அதற்குக் காதே கேட்கவில்லை!

காது கேட்காத நாயையும் வளர்க்கலாம். கையைக் காட்டினால் உட்காரும். தரையைக் காலால் தட்டினால், அந்த அதிர்ச்சியில் திரும்பிப் பார்க்கும். தூங்கும்போது மட்டும் திடீரென்று தொடக்கூடாது. இதைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டும்.

விமானத்தில் வந்த 70 நாய்கள்

மனுப் போட்டு நாய் வாங்கும் வழக்கம் தமிழ்நாட்டில் பரபரப்பாகப் பேசப்பட்டது 2012-ம் ஆண்டின் கடைசியில்.

சீனாவில் இருந்து சென்னை விமான நிலையத்துக்கு 70 நாய்கள் வந்து இறங்கின. எல்லாம் "பீகிள்" என்ற இனம். நீண்ட காது, சாதுவான முகம். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்கு வளர்த்த நாய் இது. கடிக்காத குணம் உள்ளது. அந்த நல்ல குணமே அதற்கு எமன் ஆனது. மருந்துச் சோதனைக்கு உலகம் எங்கும் பீகிளைத்தான் தேடுகிறார்கள்.

அந்த 70 நாய்களும் பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றுக்குப் போக இருந்தவை. பிராணிகள் நலத் தொண்டர்கள் தலையிட்டார்கள். நாய்கள் ஆய்வுக்கூடம் போகவில்லை. குடும்பங்களுக்குத் தத்து கொடுக்கப்பட்டன.

2016-ம் ஆண்டு பெங்களூரிலும், ஆய்வுக்கூடத்தில் இருந்து விடுதலை ஆன பீகிள் நாய்கள் இப்படியே வீடு தேடிப் போயின. கூண்டிலேயே வளர்ந்த நாய்க்கு மாடிப்படி ஏறத் தெரியாது. புல்லில் கால் வைக்கப் பயப்படும். அப்படிப்பட்ட பிராணியை யாரிடம் கொடுப்பது என்று பார்க்காமல் கொடுக்க முடியுமா? மனுவும் விசாரணையும் அதற்காகத்தான்.

என்ன கேட்பார்கள்?

பெண் பார்க்க வருகிறவர்கள் கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள்!

சொந்த வீடா, வாடகை வீடா? வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? சுற்றுச்சுவர் உண்டா? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? யார் சோறு வைப்பார்கள்? இதற்கு முன் நாய் வளர்த்தீர்களா? அது என்ன ஆயிற்று? ஊருக்குப் போனால் நாயை யார் பார்ப்பார்கள்?

வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பதும் உண்டு. வீட்டில் உள்ள எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்பார்கள். "அவருக்கு ஆசை, எனக்குப் பிடிக்காது" என்று அம்மா சொல்லிவிட்டால், மனு அங்கேயே நின்று விடும். அது சரிதான். கடைசியில் சோறு வைக்கப் போவது அம்மாதானே!

"தோப்புக் காவலுக்கு வேண்டும்" என்று எழுதினால் பெரும்பாலும் கிடைக்காது. காவல் நாய் என்றால் பலர் நினைப்பது, தென்னை மரத்தில் சங்கிலி, பக்கத்தில் ஓர் அலுமினியத் தட்டு. நாளெல்லாம் நாயைக் கட்டியே வைப்பது சட்டப்படி குற்றம். நாயைத் தெருவில் விட்டு விட்டுப் போவதும் குற்றம். பரதக் கலைஞர் ருக்மிணி தேவி மேல்சபையில் போராடியதன் பயனாக வந்த 1960-ம் ஆண்டுச் சட்டம் இதைச் சொல்கிறது.

எல்லாம் சரி என்றால் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து. நாயைக் குட்டி போட வைத்து விற்கக்கூடாது. வேறு ஆளுக்குக் கொடுக்கக்கூடாது. வளர்க்க முடியாவிட்டால் காப்பகத்துக்கே திருப்பித் தர வேண்டும். நாய்க்கு விலை இல்லை. தடுப்பு ஊசி, கருத்தடைச் செலவுக்கு மட்டும் சில இடங்களில் பணம் வாங்குவார்கள்.

மனுவில் இல்லாத ஒரு கேள்வியைப் பட்டுக்கோட்டைக்காரர்கள் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். புயல் வந்தால்? 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்ததை நாம் மறக்க முடியுமா? கூரை போனது, தென்னை போனது. அப்படிப்பட்ட இரவில் கட்டிப் போட்ட நாய் எங்கே ஓடும்? முதலில் சங்கிலியை அவிழ்க்க வேண்டும். பிறகு அதையும் வீட்டுக்குள் சேர்க்க வேண்டும்.

கடித்தால் என்ன செய்வது?

வெறிநோய் வந்து விட்டால் பிழைப்பது இல்லை என்றே சொல்லலாம். ஆனால் தடுக்க முடியும். குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் நாளில் அடுத்தது, பிறகு வருடம் தவறாமல் ஒன்று.

எந்த நாய் கடித்தாலும், வீட்டு நாயே ஆனாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. உடனே அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஊசியைப் பாதியில் நிறுத்தக்கூடாது.

நாய்க்கு உடம்பு சரி இல்லை என்றால் பட்டுக்கோட்டைக்காரர்கள் சென்னைக்கு ஓட வேண்டியது இல்லை. ஒரத்தநாட்டில் 2012-ம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஜாதிதான் வேண்டுமா?

ஒன்று சொல்ல வேண்டும். பார்க்கிறவர்கள் மெச்ச வேண்டும் என்பதற்காக மட்டும் ஜாதி நாய் கேட்பவர்கள், தெரு நாய்க் குட்டியைப் பார்க்கலாம். நம் வெயிலுக்கும் மழைக்கும் அது பழகியது. சோற்றுடன் முட்டையும் கொஞ்சம் கறியும் போட்டால், அதுவும் நெஞ்சு நிமிர்ந்து நிற்கும். வெறும் மோர்ச் சோறு எந்த நாய்க்கும் போதாது. வெந்த கோழி எலும்பு வேண்டாம். உடைந்து குடலைக் குத்தும். வெங்காயமும் சாக்லேட்டும் நாய்க்கு விஷம்.

தெரு நாயைத் தத்து எடுக்க நினைப்பவர்கள் உள்ளாட்சி மன்றத்தில் மனுக் கொடுக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி கூறியது. எடுத்த நாயை மறுபடியும் தெருவில் விடக்கூடாது என்றும் சொன்னது.

வீட்டுக்கு வரும் நாள்

சென்னைக் காப்பகத்தில் மனு ஏற்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். ரெயிலில் கொண்டு வரலாம். முதல் வகுப்பில் தனி அறை கிடைத்தால் நாயும் உடன் வரலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் உள்ள நாய்க் கூண்டு. பார்சல் ஆபீசில் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

வந்த அன்றே உறவினர்களை எல்லாம் கூட்டி வைத்துக் காட்ட வேண்டாம். ஒரு மூலையில் கோணிச் சாக்கு, பக்கத்தில் தண்ணீர். அது போதும். முதல் இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாது. இரவில் அழும். பழைய வீட்டுக்காரர் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டு இருக்கும்.

பிறகு ஒரு நாள், பள்ளிக்கூடம் விட்டு வரும் பையனின் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து நிற்கும். காது கேட்காத நாயாக இருந்தால், வாசல் கதவு அசைவதைப் பார்த்து எழுந்து நிற்கும்.