முன்கண்ணாடிக்குள் புகுந்த மேகம்

மாணவர்களே, கண்ணாடியில் ஒரு கறை. வெளிப்பக்கம் துடைத்தாலும் போகவில்லை, உள்பக்கம் துடைத்தாலும் போகவில்லை. அப்படியானால் அது எங்கே இருக்கிறது?

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தவர் தோ பாயோவில் எங்கள் புளோக்கிலேயே வசிக்கும் அண்டைவீட்டுக்காரர். அவரிடம் 20 வயதைக் கடந்த, இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உண்டு. கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்தில், வெயிலும் மழையும் நேரே விழும் இடத்தில் அது நிற்கும். அதன் முன்கண்ணாடியின் கீழ் ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு வெண்படலம், நடுநடுவே சிறு குமிழ்கள்.

“சார், நீங்க சயின்ஸ் டீச்சர்தானே? இதை எதை வச்சுத் துடைச்சாப் போகும்?” என்று கேட்டார்.

எதை வைத்துத் துடைத்தாலும் போகாது. அந்த மேகம் கண்ணாடிக்கு நடுவில் இருக்கிறது.

ஒன்றல்ல, மூன்று அடுக்கு

காரின் முன்கண்ணாடி ஒரே தகடு அன்று. ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள இரண்டு கண்ணாடித் தகடுகள். அவற்றின் நடுவே, பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர் தடிப்பில், பாலிவினைல் பியூட்டிரல் என்ற நெகிழி. சுருக்கமாகப் பிவிபி. கல் பட்டுக் கண்ணாடி உடைந்தாலும் சில்லுகள் இந்த நெகிழியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். முகத்தில் தெறிக்காது.

இதற்கு வழிகாட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் எட்வார் பெனடிக்டஸ். 1903ல் அவருடைய ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை கீழே விழுந்து விரிசல் விட்டதாம், ஆனால் சிதறவில்லையாம். அதற்குள் முன்பு இருந்த செல்லுலோஸ் நைட்ரேட் கரைசல் காய்ந்து, மெல்லிய படலமாகப் படிந்திருந்ததே காரணம். 1909ல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் செல்லுலோஸ் நைட்ரேட் வெயிலில் மஞ்சளாகிவிடும். 1930களின் பிற்பகுதியில் பிவிபி வந்து அந்தக் குறையைத் தீர்த்தது.

கையை விடவைக்கும் தண்ணீர்

கண்ணாடியும் நெகிழியும் எப்படி ஒட்டிக்கொள்கின்றன? இரண்டின் மேற்பரப்பிலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஓஎச் தொகுதிகள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று ஈர்த்து ஹைட்ரஜன் பிணைப்புகளை உண்டாக்குகின்றன. கை கோத்து நிற்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிணைப்பு வலுவற்றது. கோடானுகோடி பிணைப்புகள் சேர்ந்தால் பிரிப்பது கடினம்.

தண்ணீர் மூலக்கூற்றுக்கும் இதே போன்ற கைகள் உண்டு! கண்ணாடி வழியே தண்ணீர் புகாது, ஆனால் விளிம்பில் பிவிபி திறந்திருக்கிறது. அதன் வழியே ஈரம் மெல்ல ஊர்ந்து, கோத்திருக்கும் கைகளுக்கு நடுவே நுழைந்துவிடுகிறது. மழைநீர் தங்கும் கீழ் ஓரத்தில் சேதம் தொடங்கியதில் வியப்பில்லை.

வெப்பமும் உடன் சேர்கிறது. நெகிழி கண்ணாடியைவிடப் பல மடங்கு அதிகமாக விரியும். நண்பகல் வெயிலில் சூடான கண்ணாடிமீது திடீர் மழை கொட்டினால், ஒட்டிய பரப்பு இழுபடுகிறது. சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். ‘தோ பாயோ’ என்ற பெயருக்கே ‘பெரிய சதுப்பு நிலம்’ என்றுதான் பொருள்!

ஏன் வெள்ளையாகத் தெரிகிறது?

கண்ணாடியின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.52. பிவிபிக்கு 1.48. இரண்டும் நெருக்கமாக இருப்பதால் நடு அடுக்கு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிடி விட்டு இடைவெளி உண்டானதும் அங்கே 1.0 எண் கொண்ட காற்று வருகிறது. கண்ணாடியும் காற்றும் சந்திக்கும் ஒவ்வோர் எல்லையிலும் சுமார் 4 விழுக்காடு ஒளி திரும்பிவிடும். குமிழ்கள் மீதியையும் சிதறடிக்கும். இரவில் எதிரே வரும் காரின் விளக்கொளி பட்டால் கண் கூசும். ஓட்டுநரின் பார்வைப் பகுதிக்குள் இது பரவினால் ஆபத்து.

நீங்களே செய்து பாருங்கள்: ஒரு கண்ணாடிக் குவளையின்மீது ஒளிபுகும் ஒட்டுநாடாவை லேசாக ஒட்டுங்கள். காற்று சிக்கிய இடங்கள் வெள்ளியாய் மின்னும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தால் அவை மறையும்.

அழுத்தினால் சரியாகுமா?

நண்பரின் அடுத்த கேள்வி இதுதான். ஒட்டுநாடாவில் பலித்தது காரில் பலிக்காது. ஆலையில், உலர வைத்த பிவிபியை ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் வெப்பத்தில், காற்றழுத்தத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் ஒட்டுகிறார்கள். கல் பட்ட சிறு குழியில் பிசின் செலுத்தி அடைக்கும் முறையும் இங்கே உதவாது. அது வெளித்தகட்டின் காயத்துக்கான மருந்து.

ஆகவே, பரவுவதைத் தாமதப்படுத்தலாம், திருப்ப முடியாது. நிழலில் நிறுத்துங்கள், ஓரங்களில் நீர் தேங்கவிடாதீர்கள், மாதம் ஒருமுறை அளவுகோலால் அகலத்தை அளந்து எழுதிவையுங்கள் என்றேன். நான்கு மாதத்தில் விரல் அகலம் இரண்டு விரல் அகலமானது. அவருக்கு மனமில்லை, ஏனெனில் அது காரோடு வந்த முதல் கண்ணாடி. இங்கு வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுக்குத்தான். பல கார்கள் அதற்குள் அகற்றப்பட்டுவிடும். சான்றிதழைப் புதுப்பித்துக் காப்பாற்றிய காரின் உறுப்பை இழப்பது எளிதா? ஆனாலும் எண்கள் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார்.

புதிய கண்ணாடியைக் காரின் சட்டத்தோடு ஒட்டிய பசை பாலியூரித்தேன். அது இறுகுவதற்கு என்ன வேண்டும் தெரியுமா? காற்றிலுள்ள ஈரம்! ஒரு பிணைப்பைப் பிரித்த அதே தண்ணீர், இன்னொன்றை இறுக்கியது.

அடுத்த முறை கார் நிறுத்துமிடத்தில் ஒரு பழைய காரைப் பார்த்தால் முன்கண்ணாடியின் ஓரத்தைக் கவனியுங்கள். அங்கே மேகம் தெரிந்தால், அது எங்கிருந்து வந்தது என்று உங்களால் இப்போது சொல்ல முடியும்.