உஷார்! லோ பிரஷருக்கு சோடா மட்டும் போதாது

பங்குனி வெயில் ஏறிவிட்டது. பிரஷர் மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், சித்திரை முடியும் வரை அவர்கள் மேல் ஒரு கண் இருக்கட்டும். கட்டிலை விட்டு எழும்போது "கிறுகிறுன்னு வருதுங்" என்று அப்பாரு சொன்னாலோ, ராத்திரி பாத்ரூம் போன அம்மிச்சி கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாலோ, வயசாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை சுவர் கைக்கு எட்டாமல் போனால் இடுப்பெலும்பு முறியும்.

நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. கழுத்து ரத்தக்குழாயில் உள்ள நரம்பு முனைகள் அதை உணர்ந்து, இதயத்தை வேகப்படுத்தி, குழாய்களை இறுக்கி, சில நொடிகளில் சமாளித்துவிடும். வயதும் நாள்பட்ட சர்க்கரையும் இந்த ஏற்பாட்டை மந்தமாக்குகின்றன. கூடவே வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன. போதாததற்கு நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்குக் கொடுக்கும் டாம்சுலோசின். 2024 ஏப்ரலில் ஈரோட்டில் வெயில் 42 டிகிரியைத் தொட்டது. அப்பாருவின் மாத்திரை அளவோ மார்கழிக் குளிரில் முடிவானதாக இருக்கலாம். வெயில் காலத்தில் பிரஷர் இயல்பாகவே கொஞ்சம் இறங்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

இன்னொரு சிக்கல், கிளினிக்கில் உட்கார வைத்துத்தான் அளக்கிறார்கள். 130/80 என்று வரும், எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவார்கள். ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் மறுபடி அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் மாத்திரைச் சீட்டு மொத்தத்தையும் காட்டுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்ப்பவர்களிடம், "நிக்க வெச்சும் ஒருக்கா பாருங்க" என்று கேட்கலாம், தப்பில்லை. மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அது பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும்.

நம் பக்கம் எந்த மயக்கம் வந்தாலும் லோ பிரஷர் என்று பெயர் வைத்து, உப்புப் போட்ட எலுமிச்சை சோடாவோடு கதையை முடிப்பது வழக்கம். எனக்கு இதில் கடுங்கோபம் உண்டு. ரத்தசோகையும் சர்க்கரை இறக்கமும் அந்தப் பெயருக்குள் ஒளிந்துகொள்கின்றன. இதயம் பலவீனமானவர்களுக்கும் கிட்னி கோளாறு உள்ளவர்களுக்கும் அந்த உப்பே கேடு. இன்னொரு பக்கம், எந்தத் தொந்தரவும் இல்லாத இளம்பெண்ணுக்கு 90/60 இருந்தால் அது பெரும்பாலும் அவள் உடம்பின் இயல்பு. அவளைப் பிடித்து பயமுறுத்த வேண்டாம்.

பண்ணாரி மாரியம்மன் கோயிலில் குண்டம் மிதிக்க மணிக்கணக்கில் வரிசையில் நிற்கப் போகிறவர்களுக்கு ஒன்று. அசையாமல் நிற்காதீர்கள். கெண்டைக்கால் தசை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். கண் இருட்டினால் கால்களைக் குறுக்கே வைத்துத் தொடையை இறுக்குங்கள், இல்லாவிட்டால் கூச்சப்படாமல் அங்கேயே உட்காருங்கள். யாராவது விழுந்தால், அக்குளில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்துகிறோமே, அதைச் செய்யவே கூடாது. மூளைக்கு ரத்தம் போகாமல்தான் அவர் விழுந்தார். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். நினைவு திரும்பும் முன் வாயில் சோடா ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். ஒரு நிமிடத்தில் தெளியவில்லை என்றாலோ, நெஞ்சு வலி என்றாலோ, மலம் தார் போலக் கறுத்துப் போனாலோ உடனே 108.

மழை விட்ட பிறகு வரும் டெங்குவில் பிரஷர் ஏமாற்றும் விதம் வேறு. காய்ச்சல் விட்டது என்று வீடே நிம்மதி அடையும் அந்த ஓரிரு நாளில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். பிரஷர் 100/80 என்றிருக்கும், பார்த்தால் பயமே வராது. ஆனால் இரண்டு எண்ணுக்கும் இடைவெளி 20 ஆகச் சுருங்கினாலே உடம்பு ஷாக்கில் விழுகிறது என்று பொருள். குழந்தையின் கைகால் சில்லிட்டு, வயிறு வலித்து, சிறுநீர் குறைந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த ராத்திரியே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.