கொல்லிமலை: நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தால் ஜாமீனே கிடையாதா? சட்டம் சொல்வது என்ன?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கி பல வருஷப் பிரச்னை. ஒப்படைக்கச் சொல்லி போலீஸ் அவ்வப்போது அறிவிப்பதும், சிக்கியவர்கள் கைதாவதும் நடக்கிறது. "தாத்தா காலத்துத் துப்பாக்கி, பரண்ல சும்மா கிடந்துச்சு" என்று சொன்னால் எடுபடாது. வைத்திருப்பதே குற்றம்தான்.

எவ்வளவு பெரிய குற்றம்?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. 2019 திருத்தத்துக்கு முன்பு இது 1 முதல் 3 ஆண்டாக இருந்தது. துப்பாக்கியைச் செய்து விற்றால் கதையே வேறு: 7 ஆண்டு முதல் ஆயுள் வரை.

குற்றத்தை எடைபோட சட்டம் முக்கியமாக இரண்டு கேள்வி கேட்கிறது. வாரன்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்யலாமா? ஜாமீன் உரிமையா, கோர்ட்டின் முடிவா? தனிச் சட்டங்களில் வேறு மாதிரி சொல்லாதவரை, 3 ஆண்டுக்குக் குறைவான தண்டனை என்றால் வாரன்ட் வேண்டும், ஜாமீன் உரிமை. 3 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் இரண்டுமே தலைகீழ். துப்பாக்கி வழக்கு இந்த இரண்டாவது வகை.

ஆனால் தண்டனைக் காலம் மட்டுமே அளவுகோல் இல்லை. குழந்தைத் திருமணத்துக்கு அதிகபட்சம் 2 ஆண்டுதான்; 2006-ம் ஆண்டு சட்டம் அதையும் கடுமையான வகையில் சேர்த்துவிட்டது. மறுபக்கம், 5,000 ரூபாய்க்குக் குறைவான மிளகு மூட்டையை ஒருவர் முதல் முறையாகத் திருடி, அதைத் திருப்பியும் கொடுத்துவிட்டால், பாரதிய நியாய சன்ஹிதாவில் (2024 ஜூலை 1 முதல் அமல்) தண்டனை சமூக சேவைதான். அதில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையே தொடங்க முடியாது.

'ஜாமீனில் வர முடியாத பிரிவு'?

செய்திகளில் அடிக்கடி வரும் இந்த வார்த்தைதான் பலரைக் குழப்புகிறது. ஜாமீனே கிடையாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஸ்டேஷனில் உரிமையாகக் கேட்க முடியாது, கோர்ட்டில் மனு போட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம். கைது செய்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். துப்பாக்கி வைத்திருந்த வழக்குக்கும் இது பொருந்தும்.

அப்படியும் உள்ளே போனவருக்கு 60 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், ஜாமீன் அவருடைய உரிமையாகிவிடும். துப்பாக்கி தயாரித்த வழக்கு என்றால் 90 நாள் காத்திருக்க வேண்டும்.