பச்சை நிறத்துக்குள் ஒரு ஊர்

எந்தக் காட்டைக் காப்பது என்று தீர்மானிக்க, எங்கே என்ன காடு நிற்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்காக வரைவதே தாவரப் படம். அது எப்படி வரையப்படுகிறது என்பதை நாமும் விளங்கி வைத்திருக்க வேணும்.

நமது நாட்டில் 1956இல் விமானத்திலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு, கனடாவின் உதவியுடன் காடுகள் அளக்கப்பட்டன. 1972க்குப் பிறகு லாண்ட்சாட் செய்மதிகள் வந்தன. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இந்த வித்தியாசத்தைக் கணித்தே படத்தில் நிறம் பூசுகிறார்கள். மன்னார் போன்ற வரண்ட பகுதியில் மாரியில் எல்லாமே பச்சைதான். கோடையில் பற்றைகள் வாடும். பாலையும் வீரையும் இலையோடு நிற்கும். எனவே இரண்டு பருவப் படங்களையும் ஒப்பிட வேண்டும்.

ஆனால் லாண்ட்சாட் படத்தின் ஒரு கட்டம் 30 மீற்றருக்கு 30 மீற்றர். ஒரு கிணறும் இடிந்த சுவரும் அதற்குள் காணாமல் போய்விடும்.

முசலியில் இதுவே பெரிய விஷயம். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். 2009இல் யுத்தம் முடிந்து மக்கள் திரும்பியபோது வளவுகளில் ஏறக்குறைய இருபது வருடக் காடு. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதி வர்த்தமானியில் ஒதுக்குக் காடானது; 2017இல் 40,000 ஹெக்டேயருக்கும் சற்றுக் கூடுதலான நிலம் மாவில்லு பேணற்காடானது. எங்கட காணியும் அதற்குள் போய்விட்டது என்பதே திரும்பியவர்களின் முறைப்பாடு.

இன்றைய பச்சை, நேற்று அங்கே யார் இருந்தார்கள் என்று சொல்லாது. அதற்குக் காலால் நடந்து பார்க்க வேணும். வரிசையாக நிற்கும் புளியும் தென்னையும், தூர்ந்த கிணறு, வயல் வரம்பு, மையவாடி எல்லாம் சாட்சிகள். 1990க்கு முந்திய செய்மதிப் படங்கள், 1956இன் விமானப் படங்கள், நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குலப் படங்கள் ஆகியவற்றை இன்றைய படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் ஊர் எது, காடு எது என்பது பெருமளவு தெளிவாகும்.

அந்தத் தெளிவு நமக்கும் ஒரு கடமையைத் தருகிறது. பழைய படத்திலும் காடாகவே இருக்கும் இடம் காடுதான். முதிர்ந்த பாலைமரம் ஒன்றை வெட்டினால் நம் ஆயுளில் அது திரும்ப வராது.

உறுதியும் அனுமதிப்பத்திரமும் பெட்டிக்குள் கிடந்தால் போதாது. பெரியவர்கள் இருக்கும்போதே அவர்களைக் கூட்டிப் போய், கிணறு, குளம், மையவாடி ஒவ்வொன்றையும் படத்தில் குறித்து வைப்போம்.